மூக்குத்தூள் குப்பியும் சீனர் கைவண்ணமும்

மடுவிலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களைக் கடந்து, தீவுக்குச் செல்லும் தாம்போதியை அணுகுகின்றது. அவ்விடத்திற்கு அண்மையில், முட்செடிகள் படர்ந்த பெரும் மண்மேடு ஒன்று உளது. இரட்டை அகழி சூழ்ந்த அம்மேடே பண்டைய மாந்தை. தேவாரப் பாடல் பெற்ற மாதோட்டத் துறைமுகமும், சோழர் காலத்தில் இராசராசபுரம் எனப் பெயர் பூண்ட வணிக நகரமும் அதுவே. 1980 முதல் 1984 வரை அங்கே நிகழ்ந்த அகழாய்வில் ஈழத்து மட்கலங்களுடனும், பாரசீகக் கடற்கரையிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகுக் கலங்களுடனும், சீனக் கலங்களின் உடைந்த ஓடுகளும் வெளிப்பட்டன. அவ்வாய்வு உள்நாட்டுப் போரினால் இடையில் நின்றது. அதன் முழு அறிக்கை 2013ஆம் ஆண்டிலேதான் நூலாக வந்தது.

அச்சீன ஓடுகள் பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. பழுப்பு நிறத் தரையிலே தூரிகையின் விரைவான கோடுகளால் பூவும் கொடியும் வரைந்த சாங்ஷா கலங்களின் துண்டுகளும், இளம்பச்சை மெருகுடைய கலங்களின் துண்டுகளும், பால்போல் வெளுத்த கலங்களின் துண்டுகளும் அவற்றுள் அடங்கும். சுமாத்திராவுக்கு அருகே பெலித்துங் தீவின் கடலடியில் 1998ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட கப்பலொன்றில் ஏறக்குறைய அறுபதினாயிரம் சீனக் கலங்கள் இருந்தன. அவற்றுள் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826ஆம் ஆண்டுக்குச் சரியான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அக்கப்பலில் மிகுதியாக இருந்தவையும் சாங்ஷாக் கிண்ணங்களே. அந்த வணிகத்தின் ஒரு கிளையே மன்னார்க் கரைக்கும் நீண்டிருந்தது.

இக்கரையில் கிடைத்த ஓடுகளைக் கண்டவர் மனத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. அன்றாடம் சோறுண்ணும் கிண்ணத்திற்கே இத்துணை அழகு செய்த மக்கள், தம் கைத்திறன் முழுவதையும் ஒரே பொருளில் காட்ட நேர்ந்தால் எதைச் செய்வர்? அதற்குரிய விடை, மாந்தை மண்மேடாகிப் பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரே தோன்றியது. அது அரண்மனையுமன்று, கோபுரமுமன்று. உள்ளங்கையில் அடங்கும் மூக்குத்தூள் குப்பி! களிமண், கண்ணாடி, கல், தந்தம், அரக்கு, உலோகம் ஆகிய எல்லாவற்றிலும் சீனத் தொழிலாளர் கற்ற வித்தை யாவும் இரண்டு மூன்று அங்குல உயரமே உள்ள அக்குப்பியில் வந்து ஒடுங்கின.

குப்பியின் வரலாற்றை அறிதற்கு முன்னர், அதனுள் இருந்த தூளின் வரலாற்றை அறிதல் வேண்டும். புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492ஆம் ஆண்டிற் கொலம்பஸ் மேற்குக் கடலைக் கடந்த பின்னரே பிற கண்டத்தார் அதனை அறிந்தனர். போர்த்துக்கல் நாட்டில் பிரெஞ்சுத் தூதுவராயிருந்த ழான் நிக்கோ என்பவர் 1560ஆம் ஆண்டளவில் அதனைப் பிரெஞ்சு அரசகுடும்பத்தாருக்குத் தலைவலி மருந்தாக அனுப்பினார். புகையிலையில் உள்ள நச்சுச் சத்து இன்றும் அவர் பெயராலேயே நிக்கொட்டீன் என வழங்குகின்றது. ஐரோப்பியக் கப்பல்கள் சென்ற கரைதோறும் புகையிலையும் சென்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது பெரும் பயிராகித் திருவிதாங்கூர் வரை ஏற்றுமதியாயிற்று. தமிழ்ப் புலவர் ஒருவர் புகையிலையையே தூது விடுத்துப் பாடும் அளவிற்கு அது தமிழர் வாழ்விற் கலந்தது. சீனி சக்கரைப் புலவர் என்னும் பெயருடைய அவர் இயற்றிய புகையிலை விடு தூதை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டார்.

சீன தேசத்திற்குப் புகையிலை 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக, பிலிப்பைன் தீவுகள் முதலிய வழிகளாற் சென்றது. மிங் வமிசத்தின் கடைசி அரசர் 1639ஆம் ஆண்டில் புகை பிடித்தலைத் தடை செய்தார். பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய மஞ்சு அரசரும் புகைத்தலை வெறுத்தனர். ஆயினும் பொடியாக்கி மூக்கில் இழுக்கும் புகையிலையை அவர்கள் அவ்வாறு நோக்கவில்லை. அது சளி, தலைவலி, வயிற்று நோய் ஆகியவற்றைத் தீர்க்கும் மருந்து என்றே நம்பினர். அந்நம்பிக்கை தவறு என்பதை இன்றைய மருத்துவம் ஐயமின்றிக் காட்டியுள்ளது. எனினும் அக்காலத்தில் அந்நம்பிக்கையே மூக்குத்தூளுக்கு அரண்மனை வாயிலைத் திறந்துவிட்டது. காங்சி சக்கரவர்த்தி 1684ஆம் ஆண்டில் தென்திசை நோக்கி உலா சென்று நான்ஜிங் நகரில் தங்கியபோது, அங்கிருந்த இயேசு சபைத் துறவியர் மேலைநாட்டுப் பொருள்கள் பலவற்றைக் காணிக்கையாக வைத்தனர் என்றும், அவர் ஏனையவற்றைத் திருப்பியளித்து மூக்குத்தூளை மாத்திரம் ஏற்றுக்கொண்டார் என்றும் வரலாறு கூறுகின்றது. அரசன் விரும்பியதை அமைச்சர் விரும்பினர். அமைச்சர் விரும்பியதை அலுவலர் விரும்பினர். நூறாண்டு செல்லுமுன் அப்பழக்கம் அரண்மனையை விட்டு வீதிக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வண்டியோட்டி முதல் வணிகர் வரை யாவர் இடுப்பிலும் ஒரு குப்பி இருந்தது.

ஐரோப்பியர் மூக்குத்தூளைத் தட்டையான சிறு பெட்டியில் வைத்திருந்தனர். தமிழ்நாட்டார் வாழை மட்டையைக் காயவைத்துப் பொடிமட்டை செய்தனர். ஈழத்தவர் தகரப் பேணியிலும் சிமிழிலும் வைத்தனர். சீனர் மாத்திரம் ஏன் குப்பியை நாடினர்? அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சீன நாட்டின் பல பாகங்களில் ஈரக்காற்று மிகுதி. மூடியை முற்றாகத் திறக்கும் பெட்டியில் தூள் விரைவில் ஈரம் பற்றிக் கட்டியாகும்; மணமும் போய்விடும். மேலும், சீன மருத்துவர் தம் மருந்துப் பொடிகளை நெடுங்காலமாகவே சிறு வாயுடைய குப்பிகளில் வைத்து விற்று வந்தனர். மருந்தென்று வந்த தூள் மருந்துக் குப்பியிற் புகுந்ததில் வியப்பில்லை. சீன மொழியில் இக்கலத்தின் பெயர் ‘பீ யென் ஹூ’ என்பதாகும். மூக்கு, புகை, கலம் என்னும் மூன்று சொற்கள் சேர்ந்து அப்பெயர் ஆயின.

குப்பியின் அமைப்பு எளியது. வயிறு அகன்று, தோள் ஒடுங்கி, வாய் சுண்டுவிரல் நுழையாத அளவிற்குச் சிறுத்திருக்கும். வாயை அடைக்கும் தக்கையின் மேலே பவளமோ வேறு நிறக் கல்லோ பதித்த மூடி இருக்கும். தக்கையின் அடியிலிருந்து தந்தத்தினாலோ, ஆமையோட்டினாலோ, வெள்ளியினாலோ, மூங்கிலினாலோ செய்த மெல்லிய கரண்டி குப்பியின் அடிவரை தொங்கும். மூடியைத் திறந்தால் கரண்டியும் உடன் வரும். கரண்டி நுனியில் வரும் சிறிதளவு தூளைப் பெருவிரல் நகத்திலோ சிறு தட்டத்திலோ வைத்து மூக்கில் இழுப்பர். இருவர் சந்திக்கும்போது முதலில் குப்பியை நீட்டுவது சீனரிடையே மரியாதையாயிற்று. நம்மவர் வெற்றிலைத் தட்டத்தை முன்வைப்பதற்கு அது நிகரானது. வெற்றிலைத் தட்டம் வீட்டின் தரத்தைக் காட்டுவது போலக் குப்பி அதனை வைத்திருப்பவரின் தரத்தையும் சுவையையும் காட்டிற்று. ஆகவே அழகிய குப்பியைத் தேடுவோர் பெருகினர். தேடுவோர் பெருகவே தொழிலும் வளர்ந்தது.

முதலிற் புகழ் பெற்றவை கண்ணாடிக் குப்பிகள். காங்சி சக்கரவர்த்தி 1696ஆம் ஆண்டிற் பெய்ஜிங் அரண்மனையைச் சார்ந்ததாக ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நிறுவினார். அதனை மேற்பார்த்தவர் கிலியன் ஸ்டும்ஃப் என்னும் ஜெர்மானியத் துறவி. ஷாந்துங் மாகாணத்துப் போஷான் என்னும் ஊர் முன்பே கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது. மேலைநாட்டார் அறிவும் போஷான் தொழிலாளர் கைப்பழக்கமும் இணைந்த இடத்தில் ஒரு புதிய முறை உருவாயிற்று. ஒரு நிறக் கண்ணாடியால் குப்பியை ஊதி, அதன்மேல் வேறு நிறக் கண்ணாடியை உருகிய நிலையிலே போர்த்துவர். ஆறிய பின்னர், கல் வெட்டும் சாணைச் சக்கரத்தால் மேற்படையைச் சிறிது சிறிதாகச் செதுக்குவர். சித்திரமாக வேண்டிய இடம் மேடாக நிற்கும். மற்ற இடத்தில் அடிநிறம் வெளிப்படும். பனிபோல் வெண்மையான தரையிலே செந்நிற மீன் நீந்துவது போன்ற தோற்றம் இவ்வாறே உண்டாவது. ஒரே குப்பியில் நாலைந்து நிறங்களை அடுத்தடுத்து அமைத்துச் செதுக்கியவரும் உளர். சக்கரம் ஒரு மயிரிழை ஆழமாய்ச் சென்றாலும் அடுத்த நிறம் தோன்றிச் சித்திரம் கெட்டுவிடும். அழித்து எழுத அங்கே இடமில்லை.

செம்பின் மீதும் கண்ணாடியின் மீதும் எனாமல் தீட்டிய குப்பிகள் அரண்மனைக்கே உரிய சிறப்புடையன. எனாமல் என்பது நிறமூட்டிய கண்ணாடியை நுணுக்கிக் குழைத்த சாயம். தூரிகையால் தீட்டிச் சூளையில் இட்டால் அது உருகித் தரையோடு ஒன்றும். செம்பின் மீது தீட்டுவதே அரிது. கண்ணாடியின் மீது தீட்டுவது அதனினும் அரிது. ஏனெனில் சாயம் உருகும் வெப்பத்திற்கும், குப்பியே இளகித் தொய்யும் வெப்பத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகச் சிறிது. சூளையின் முன்னிருப்பவன் நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளந்து, உரிய கணத்தில் குப்பியை வெளியே எடுத்தல் வேண்டும். காங்சி, யொங்செங், சியென்லுங் ஆகிய மூன்று சக்கரவர்த்திகளின் ஆட்சிப் பெயர்களை அடியிலே தாங்கிய இத்தகைய குப்பிகள் இன்று பெய்ஜிங்கிலும் தைப்பேயிலும் உள்ள அரண்மனை அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. சியென்லுங் 1736 முதல் 1795 வரை ஆண்டவர். குப்பிக் கலையின் பொற்காலம் பெரும்பாலும் அவருடைய ஆட்சிக் காலமே.

கல்லிற் குப்பி செய்வது வேறொரு தவம். ‘ஜேட்’ என்னும் கல் எஃகினாலும் எளிதிற் கீற முடியாத தன்மையது. அதனை உளியால் வெட்டுவதில்லை, தேய்த்தே உருவாக்குவர். சுழலும் கருவியின் முனையில், ஈரமான கடுந்துகளைத் தடவி, அத்துகளைக் கொண்டு கல்லை அராவுவர். படிக மணலும் குருந்தக்கல் தூளும் இதற்குப் பயன்பட்டன. குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லே மேலைநாட்டு மொழிகளிலும் அக்கல்லுக்குப் பெயராயிற்று. இரத்தினபுரியில் எடுக்கப்படும் நீலமும் மாணிக்கமும் அக்குருந்த இனத்தைச் சேர்ந்தவையே. வெளிப்புறத்தை உருவாக்குவது எளிய பகுதி. உள்ளே குடைவதுதான் அருமை. முதலில் நேரான குழாய்த் தமரால் வாயிலிருந்து அடிநோக்கித் துளைப்பர். பின்னர் நுனி வளைந்த கருவிகளை அத்துளையில் நுழைத்து, கண்ணாற் காண இயலாத உட்புறத்தைத் தோள்வரை அகலமாக அராவிக்கொண்டே செல்வர். கருவி எங்கே தொடுகின்றது என்பதைக் கையின் உணர்வும் ஒலியுமே அறிவிக்கும். சில ‘அகேட்’ கற்குப்பிகள் நீரில் இட்டால் மிதக்கும் அளவிற்கு மெல்லிய சுவருடையன. கல் மிதக்கின்றது என்பதை விடத் தொழிலாளியின் பொறுமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

‘அகேட்’ கல்லில் இயற்கையாகவே கருமையும் பழுப்புமான திட்டுகள் அமைந்திருக்கும். தேர்ந்த தொழிலாளி அத்திட்டைக் குறையென்று நீக்குவதில்லை. கல்லைப் பலநாள் நோக்கி, திட்டு குதிரையாகுமா, குருவியாகுமா, மரத்தடியில் அமர்ந்த முதியவராகுமா என எண்ணி, அதற்கேற்ப இரண்டொரு வெட்டு மாத்திரம் செய்வான். இயற்கை பாதி வரைந்த படத்தை மனிதன் முடித்து வைக்கின்றான் எனலாம்.

இவ்விடத்தில் இந்தியாவின் தொடர்பு ஒன்றையும் குறிப்பிடுதல் தகும். சியென்லுங்கின் படைகள் 1759ஆம் ஆண்டளவில் மேற்கெல்லைப் பிரதேசங்களை வென்றபின், அங்கிருந்து ஜேட் கல் பெருவாரியாகப் பெய்ஜிங்கை அடைந்தது. அவ்வழியே மொகலாய இந்தியாவின் ஜேட் கலங்களும் வந்து சேர்ந்தன. தாள்போல் மெல்லிய சுவரும், தாமரை இதழ் வடிவும் கொண்ட அக்கலங்களைக் கண்டு சக்கரவர்த்தி வியந்தார். அவற்றை ‘இந்துஸ்தானக் கல்வேலை’ எனப் பாராட்டிக் கவிதைகளும் இயற்றினார். சீனச் சிற்பிகளும் அம்முறையைப் பின்பற்றிச் சில கலங்கள் செய்தனர். அமெரிக்காவின் இலை, ஐரோப்பியரின் பழக்கம், இந்தியாவின் அலங்காரம், மத்திய ஆசியாவின் கல் ஆகியன சீனரின் கையில் ஒரு சிறு குப்பியாய்ச் சேர்ந்தன.

செல்வருக்கு ஜேட், ஏனையோருக்கு என்ன? சிங்தேசென் என்னும் நகரத்துச் சூளைகள் பீங்கானிற் குப்பிகளை அச்சில் வார்த்துத் தந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை மிகுதியாக வழங்கின. மூங்கிலிலும், மரத்திலும், அரக்கிலும், சிப்பி பதித்த தகட்டிலும் குப்பிகள் எழுந்தன. எல்லாவற்றிலும் வியப்பானது சுரைக்காய்க் குப்பி. கொடியிலே பிஞ்சாய் இருக்கும்போதே சுரைக்காயைச் சுற்றி, உட்புறம் சித்திரம் குடைந்த அச்சை மாட்டிவிடுவர். காய் வளர வளர அச்சை நிறைத்து, அதன் சித்திரத்தைத் தன் தோலில் ஏற்றுக்கொள்ளும். முற்றிக் காய்ந்தபின் அச்சைக் கழற்றினால் குப்பி தயார். உழவனும் கலைஞனும் ஒருவனே ஆகும் தொழில் அது. நூறு காய்களில் அச்சுக்கு அடங்கிக் குறைவின்றி வளர்பவை சிலவே.

குப்பிகளில் வரையப்பட்ட உருவங்கள் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. தமிழிலே ஒரு சொல் இருபொருள் தரச் செய்வதைச் சிலேடை என்பர். பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டிற் பாடிய காளமேகப் புலவரைத் தமிழர் நன்கறிவர். சீனர் அந்தச் சிலேடையைச் சொல்லால் மட்டுமன்றிச் சித்திரத்தாலும் செய்தனர். சீன மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லும் நற்பேற்றைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒன்று. ஆகவே நம்மவர் வீட்டில் நுழைந்தாற் துரத்தும் வௌவால், சீனர் குப்பியில் வாழ்த்தாக வந்தமர்ந்தது. மீனைக் குறிக்கும் சொல்லும் மிகுதியைக் குறிக்கும் சொல்லும் ஒன்று. தாமரையின் பெயரும் ‘தொடர்ந்து’ என்னும் சொல்லும் ஓரொலி உடையன. ஆதலால் தாமரைக்கிடையே மீன் நீந்தும் குப்பியைப் பரிசாக அளிப்பவர், ‘ஆண்டுதோறும் குறையாத வளம் உண்டாகுக’ என்று வாய் திறவாமலே வாழ்த்துகின்றார். எழுத்தறியாதவரும் அவ்வாழ்த்தைப் படிக்கலாம்.

இதுவரை கூறியவை யாவும் குப்பியின் வெளியே செய்த வேலைகள். 19ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில், குப்பியின் உள்ளே சித்திரம் தீட்டும் விந்தை தொடங்கியது. அதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. மாகாணத்து அலுவலர் ஒருவர் தலைநகரில் ஒரு காரியம் முடிவதற்காகக் காத்துக் கிடந்தார். கையிலிருந்த பணமும் தூளும் தீர்ந்தன. குப்பியின் சுவரில் ஒட்டியிருந்த மிச்சத் தூளை மூங்கிற் குச்சியாற் சுரண்டினார். சுரண்டிய கோடுகள் கண்ணாடியினூடே சித்திரம்போலத் தோன்றின. அதைக் கண்ட துறவி ஒருவர், வளைந்த குச்சியில் மை தோய்த்து உள்ளே வரையத் தொடங்கினார் என்பது கதை. கதை உண்மையோ அன்றோ, வறுமையிற் சுரண்டிய கோட்டிலிருந்து ஒரு கலை பிறந்தது என மக்கள் நம்ப விரும்பியது மெய்.

முறை இதுவே. கண்ணாடிக் குப்பியினுள் கடுமணலும் நீரும் சிறு இரும்புக் குண்டுகளும் இட்டு நெடுநேரம் குலுக்குவர். வழுவழுப்பான உட்சுவர் காகிதம்போல் சொரசொரப்பாகி மையை ஏற்கும் தன்மை பெறும். பின்னர் நுனி வளைத்த மெல்லிய மூங்கிற் குச்சியை, பயற்றம் விதை நுழையும் அளவான வாயின் வழியே செலுத்தி வரைவர். காகிதத்தில் வரைபவன் முதலில் வானத்தையும் மலையையும் தீட்டிப் பின்னர் முன்னிற்கும் மரத்தை அதன்மேல் வரைவான். உட்சித்திரக்காரன் அதற்கு மாறாகச் செய்தல் வேண்டும். பார்ப்பவர் வெளியிலிருந்து நோக்குவதால், முன்னிற்கும் இலையின் நரம்பை முதலில் வரைந்து, பின் இலையைத் தீட்டி, இறுதியில் வானத்திற்கு வரவேண்டும். எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றியே எழுத வேண்டும். கண்மணியைத் தீட்டிய பின்னரே முகத்தைத் தீட்டும் இத்தொழிலில், முடிவு முழுவதும் தொடக்கத்திலேயே மனத்தில் அமைந்திருத்தல் அவசியம்.

ஆரம்ப காலத்துக் கலைஞருள் கான் ஷுவான்வென் என்பவர் பெயர் பெற்றவர். 1880களிலும் 1890களின் தொடக்கத்திலும் சௌ லெயுவான் மலையும் ஆறும் பனியும் வரைந்து இக்கலையை ஓவியத்தின் தரத்திற்கு உயர்த்தினார். மா ஷாவ்ஷுவான் மனித முகங்களை நிழற்படம்போலக் கருமையும் வெண்மையுமாக வரைந்தார். யே சொங்சான் வண்ணமிகு கதைக் காட்சிகளால் மக்களைக் கவர்ந்தார். யே குடும்பத்தாரின் பட்டறை பெய்ஜிங்கில் தலைமுறையாகத் தொழில் நடத்தியது.

ஆயினும் காலம் மாறிற்று. சுருட்டும் சிகரெட்டும் வந்தபின் மூக்குத்தூள் மதிப்பிழந்தது. 1911ஆம் ஆண்டுப் புரட்சியால் மஞ்சு வமிசம் வீழ்ச்சியுற, அரண்மனையும் அதன் பட்டறைகளும் ஓய்ந்தன. போரும் பஞ்சமும் தொடர்ந்தன. குப்பியை வாங்கியவர் தூள் வைப்பவரல்லர். பேழையில் அடுக்கி வைக்கும் அயல்நாட்டார். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உட்சித்திரக் கலையை முறையாக அறிந்தவர் சிலரே எஞ்சினர். அவர்களுள் யே சொங்சானின் மைந்தர் குறிப்பிடத்தக்கவர்.

அக்குடும்பத்தில், தொழிலின் இரகசியத்தை வெளியாருக்குக் கற்பிப்பதில்லை என்பது வழக்கம். சீனத்தில் மாத்திரமன்று, எந்நாட்டிலும் கைத்தொழிலாளர் அவ்வாறே இருந்தனர். அதனைக் குற்றம் என்று எளிதிற் கூறிவிட இயலாது. நிலமும் பொருளும் இல்லாத குடும்பத்திற்கு வித்தை ஒன்றே முதுசம். அதனை அயலானுக்குக் கொடுப்பது வயலை எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆனால் வயலுக்கும் வித்தைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வயலைப் பூட்டி வைத்தாலும் அது நிலைத்திருக்கும்; வித்தையைப் பூட்டி வைத்தால், பூட்டியவனோடு அது போய்விடும். 1950களின் இறுதியில் யே சகோதரர் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். பெய்ஜிங்கில் அமைந்த கைப்பணி ஆய்வு நிலையத்தில், குடும்பத்தைச் சேராத இளைஞரை மாணாக்கராக ஏற்றனர். அவர்களுள் முதல்வர் 1938ஆம் ஆண்டிற் பிறந்த வாங் ஷீசான்.

பின்னர்க் கலாசாரப் புரட்சி என்னும் கொந்தளிப்பு 1966இல் எழுந்தபோது, பழங்கலைகள் யாவும் பகைப் பொருளாயின. வாங் ஷீசான் தலைநகரை விட்டு ஹெபெய் மாகாணத்திலுள்ள தம் சொந்தக் கிராமத்திற்குச் செல்ல நேர்ந்தது. பட்டறை போயிற்று, புரவலர் போயினர். கையில் இருந்த வித்தை மாத்திரம் உடன் சென்றது. அவர் அதனைக் கிராமத்து இளைஞருக்குக் கற்பித்தார். மூங்கிற் குச்சிக்கு மாற்றாக, வளைக்கத்தக்க உலோகத் தண்டில் மயிர் பொருத்திய புதுத் தூரிகையையும் அவர் அமைத்தார். அதனால் மென்மையான சாயல்களையும் உள்ளே தீட்ட முடிந்தது. இன்று ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுயி வட்டாரமே உட்சித்திரக் கலையின் பெரு நிலையமாக விளங்குகின்றது. சீன அரசாங்கம் 2006ஆம் ஆண்டில் அதனைத் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அங்கே வரையப்படும் குப்பிகளில் எவரும் தூள் வைப்பதில்லை. பயன் மறைந்தது, கலை நின்றது. கற்பிக்க ஒருவர் மனங்கொண்டமையே அதற்குக் காரணம்.

சீனக் கைப்பணியோடு இலங்கைக்கு உள்ள உறவு பழையது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்திற்கு வந்த சீனத் துறவி பாகியன், புத்தர் சிலையின் முன் வணிகன் ஒருவன் வைத்திருந்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது தம் நாட்டு விசிறி என உணர்ந்ததும் அவர் கண்களில் நீர் நிரம்பிற்று எனத் தம் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார். செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவரின் பெயரோடு தொடர்புடைய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911ஆம் ஆண்டிற் காலியிலே கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் அமைந்த அக்கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உளது. பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாக அளிக்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. அதன் தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரைப் போற்றுகின்றது. விசிறியும் பட்டும் மண்ணிற் கலந்தன. எழுத்தும் ஓடும் எஞ்சின.

மன்னார்க் கரையும் கைத்தொழிலில் வறியதன்று. முத்துக் குளித்தலும், வங்கத்து வளையல்களுக்காகச் சங்கு எடுத்தலும் இக்கடலின் தொழில்கள். பனையோலையிற் பெட்டியும் பாயும் முடைவது இங்குள்ள பெண்கள் தாய்வழியே கற்ற வித்தை. பனையோலைப் பெட்டியின் மூலையை எவ்வாறு மடிக்கவேண்டும் என்பது எந்நூலிலும் இல்லை. அது விரலிலிருந்து விரலுக்குச் செல்வது. 1990ஆம் ஆண்டில் போரினால் வீடிழந்த பல்லாயிரவர் மடுவில் தஞ்சம் புகுந்தபோது, வள்ளமும் வலையும் வீடும் பின்னே நின்றுவிட்டன. உடன் வந்தது கையின் அறிவு ஒன்றே. தூக்கிச் செல்லப் பாரமில்லாததும், எவராலும் பறிக்கவொண்ணாததுமான செல்வம் அது. ஆயினும் அதற்கும் ஓர் அழிவு உண்டு. கற்பவர் இல்லாவிடத்து அது ஒரு தலைமுறையில் ஒழியும்.

மாந்தையில் உடைந்த ஓடுகளைப் பரப்பிய மண்மேடு இன்னும் முழுமையாக அகழப்படவில்லை. 2009ஆம், 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் நடந்த சிறிய அகழாய்வில், தொலைகிழக்குத் தீவுகளிலிருந்து வந்த கிராம்பு ஒன்றும் மிளகு மணிகளும் கிடைத்தன. இன்னும் எத்தனை கலங்கள் அம்மண்ணுள் உறங்குகின்றனவோ! ஓட்டைக் காண்பவர் அது சீனத்து ஓடு என்று கூறி அமைதல் போதாது. அதன்மேல் ஓடிய தூரிகைக் கோடு, ஒரு தொழிலாளியின் கை பலகாலம் பழகிப் பெற்ற விரைவு. அத்தொழிலாளிக்கு அதனைக் கற்பித்த கை ஒன்று உண்டு. அவன் கற்பித்த கைகளும் உண்டு. சாங்ஷாக் கிண்ணத்தின் கோட்டிற்கும் ஹெங்ஷுயிக் குப்பியின் உட்சித்திரத்திற்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகள். அவ்விடைவெளியில் அரசுகள் பல எழுந்து வீழ்ந்தன. வளைந்த குச்சியைப் பிடிக்கும் விதத்தை மூத்தவன் இளையவனுக்குக் காட்டுவது மாத்திரம் நிற்கவில்லை.